பழைய பாய்லரை எடுத்து ஹீட் பம்ப், சோலார், பேட்டரி: எதற்கு யார் கையெழுத்து?

ஹாரோ குமரன்

வணக்கம் உறவுகளே. லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய செமி வீடு (பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டியது) ஒன்று வாங்கியிருக்கிறோம். வீட்டைச் சூடாக்கவும் சிலிண்டர் இல்லாமலே சுடுதண்ணீர் தரவும் இருக்கும் காஸ் காம்பி பாய்லர் வயதுபோனது, இந்தக் குளிரைத் தாண்டுமா என்பதே சந்தேகம். எப்படியும் மாற்றத்தான் வேண்டும். அதனால் ஒரேயடியாக ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டைச் சூடாக்கும் கருவி), கூரையில் சோலார் பேனல், கூடவே ஒரு பேட்டரி என்று போட்டுவிடலாம் என நானும் மனைவியும் முடிவெடுத்தோம்.

இரண்டு இடத்தில் விலை கேட்டோம். முதலாவது ஒரு கம்பெனி. அளந்து பார்க்காமல் விலை சொல்ல மாட்டோம் என்று அறை அறையாக அளந்தார்கள், கார்ப்பெட்டைக்கூடத் தூக்கிப் பார்த்தார்கள். அரசாங்க மானியத்தைக் கழித்த பிறகும் விலை கூடத்தான். இரண்டாமவர் தெரிந்தவர் மூலம் வந்தவர். சாமான்களை நாங்கள் வாங்கிக் கொடுத்தால் கூலிக்குச் செய்து தருவாராம். பேட்டரியை லாஃப்டில் வைத்தால் வயர் மிச்சமாம். "இதுக்கு கவுன்சில் பெர்மிஷன் ஒன்றும் வேண்டாம், 2025இல் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள்" என்றும் சொன்னார்.

அது உண்மையா? யாரிடம் என்ன அனுமதி எடுக்க வேண்டும்? செய்து முடித்தவர்கள், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

குழாய்க்காரன்

வணக்கம் குமரன். ஹீட்டிங் வேலைதான் என் தொழில். அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆட்கள் மாட்டிக்கொள்வது அந்தப் பாதியை நம்பித்தான்.

கவுன்சில் பக்கத்தில் இரண்டு தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன. ஒன்று பிளானிங். வீட்டுக்கு வெளியே என்ன தெரிகிறது, பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகிறதா என்பதெல்லாம் அதில் வரும். 2025 மே 29இல் இங்கிலாந்தில் தளர்ந்தது அதுதான். முன்பு ஹீட் பம்பை எல்லை வேலியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித்தான் வைக்க வேண்டும், அந்த விதியை எடுத்துவிட்டார்கள். வெளியே நிற்கும் பெட்டியின் அளவு 0.6 கன மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதை வீடுகளுக்கு 1.5 ஆக்கினார்கள். தனி வீடுகளுக்கு இரண்டு பெட்டி வரை விட்டார்கள். இதற்குள் அடங்கினால் பிளானிங் விண்ணப்பம் தேவையில்லை. ஆனால் எம்.சி.எஸ். 020 என்ற சத்தக் கணக்கில் தேற வேண்டும் (எம்.சி.எஸ். என்பது ஹீட் பம்ப், சோலார் போடும் கம்பெனிகளுக்குச் சான்று தரும் அமைப்பு). வீடு கன்சர்வேஷன் ஏரியாவில் (பழைய தோற்றத்தைக் காக்கும் பகுதியில்) இருந்தால் வீதியைப் பார்த்த சுவரில் வைப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஹாரோ ஆன் த ஹில், பின்னர் (Pinner) ஊர்ப் பக்கமென்றால் முதலில் அதைப் பாருங்கள்.

மற்றது பில்டிங் ரெகுலேஷன்ஸ், வேலை பத்திரமாகவும் சரியாகவும் நடக்க வேண்டும் என்பதற்கான விதிகள். அதில் யாரும் எதையும் தளர்த்தவில்லை. ஹீட் பம்ப் போடுவது, மூடிய சுடுதண்ணீர் சிலிண்டர் வைப்பது, புதிய மின்சுற்று இழுப்பது எல்லாமே கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டிய வேலைகள். அறிவிக்க முக்கியமாக இரண்டு வழிகள். வேலை செய்பவர் ஒரு காம்பிடன்ட் பெர்சன் ஸ்கீமில் (தகுதியுள்ளவர்களைப் பதியும் அமைப்பில்) பதிந்தவராக இருந்தால் தன் வேலைக்குத் தானே சான்று கொடுக்கலாம். ஸ்கீம் மூலம் கவுன்சிலுக்கும் தகவல் போகும், உங்களுக்கும் பில்டிங் ரெகுலேஷன்ஸ் சான்றிதழ் வரும். இல்லையென்றால் வேலை தொடங்குமுன் நீங்களே கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோல் பிரிவுக்கு நோட்டீஸ் கொடுத்து, கட்டணம் கட்டி, அவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எம்.சி.எஸ். சான்றிதழ் வேறு, பில்டிங் ரெகுலேஷன்ஸ் சான்றிதழ் வேறு. முதலாவது மானியத்துக்கும், மின்சாரத்தை விற்பதற்கும், பிளானிங் விலக்குக்கும் வேண்டும். இரண்டாவது சட்டத்துக்கு. ஒன்றைக் காட்டி மற்றதும் இருக்கிறது என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாய்லரைக் கழற்றி காஸ் குழாயை அடைப்பவர் காஸ் சேஃப் ரெஜிஸ்டரில் (காஸ் வேலை செய்யத் தகுதி உள்ளவர்களின் பதிவில்) இருக்க வேண்டும். கழற்றுவதுதானே என்று அதை விட்டுவிடாதீர்கள். 2009 ஏப்ரலில் கோர்கி என்ற பழைய பதிவுக்குப் பதிலாக வந்தது அது. கார்டின் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கும். கேட்டு வாங்கித் திருப்பிப் பாருங்கள், நல்ல ஆள் கோபிக்க மாட்டார்.

மின்கம்பி

குழாய்க்காரன் அண்ணா சொன்னதோடு மின்சாரப் பக்கத்தையும் சேர்க்கிறேன். நான் ஈஸ்ட்ஹாம் பக்கம் எலக்ட்ரீஷியன்.

கவுன்சிலுக்கு வெளியே இன்னொருவரும் இருக்கிறார். உங்கள் தெருவுக்கு மின்கம்பி கொண்டுவரும் நிறுவனம், அதாவது டி.என்.ஓ. மாதாமாதம் பில் அனுப்பும் கம்பெனி அல்ல. உங்கள் போஸ்ட்கோடைப் போட்டுத் தேடினால் யார் என்று தெரிந்துவிடும். சோலார் இன்வெர்ட்டர் (பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) ஒரு ஃபேஸுக்கு 16 ஆம்ப்ஸுக்குள், அதாவது 3.68 கிலோவாட்டுக்குள் என்றால் ஜி98 விதி. போட்டுவிட்டு 28 நாளுக்குள் அறிவித்தால் போதும். அதற்கு மேல் போனால் ஜி99. முதலில் விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் இணைக்க வேண்டும். பேட்டரிக்குத் தனி இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் கூட்டித்தான் கணக்கு. "சோலார் 3.6, பேட்டரி 3.6, இரண்டும் சின்னதுதானே" என்று இரண்டையும் ஜி98இல் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிழை.

ஹீட் பம்ப் மின்சாரம் உற்பத்தி செய்வதில்லை, இழுப்பது. அதையும் டி.என்.ஓ.வுக்குச் சொல்ல வேண்டும். 1930 வீடுகளில் மெயின் ஃபியூஸ் 60 ஆம்ப்ஸாக இருப்பது சாதாரணம். மின்சார அடுப்பு, ஷவர், ஹீட் பம்ப், நாளைக்கு ஒரு கார் சார்ஜர் என்று எல்லாம் சேர்ந்தால் அது தாங்காது.

> பேட்டரியை லாஃப்டில் வைத்தால் வயர் மிச்சமாம்

தம்பி, இதைக் கேட்ட உடனேயே அந்த ஆளை விட்டுவிடுங்கள். 2024இல் பி.ஏ.எஸ். 63100 என்ற தரக்குறிப்பு வந்தது. வீட்டு பேட்டரிகளை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. லாஃப்ட் கூடாது. படுக்கையறை கூடாது. படிக்கட்டு, தீப்பிடித்தால் ஓட வேண்டிய வழி கூடாது. படுக்கையறைக்குள் திறக்கும் அலமாரியும் கூடாது. வெளிச்சுவரில் மாட்டினால் கதவு, ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மாட்ட வேண்டும். அது சட்டம் இல்லைதான். ஆனால் லித்தியம் பேட்டரி எரிய ஆரம்பித்தால் அணைப்பது லேசான காரியமில்லை. லாஃப்டில் எரிந்தால் கீழே தூங்குகிறவர்களுக்குத் தெரிய நேரமாகும், தீயணைப்பு வீரர்கள் போய்ச் சேர்வதும் கஷ்டம். கோடையில் ஓட்டுக்கு அடியில் இருக்கும் சூடு பேட்டரியின் ஆயுளுக்கும் கேடு. காராஜ் இருந்தால் அங்கே வையுங்கள்.

லூட்டன் ராசன்

அனுமதி இருக்கட்டும். முதலில் இந்த ஹீட் பம்பே இந்த ஊர்ப் பழைய வீடுகளுக்குச் சரிவராது. என் மச்சான் வீட்டில் போட்டார்கள். ரேடியேட்டரில் கை வைத்தால் இளஞ்சூடு, பிள்ளைகள் வீட்டுக்குள்ளே ஜாக்கெட் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். மின்சார பில் முன்பு காஸுக்குக் கட்டியதைவிடக் கூட. காசு கொடுத்து வாங்கிய தலையிடி. குமரன், நல்ல காஸ் பாய்லர் ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

குழாய்க்காரன்

ராசன் அண்ணா, உங்கள் மச்சான் வீட்டில் ரேடியேட்டர்களை மாற்றினார்களா, அறைக்கு அறை வெப்ப இழப்புக் கணக்குப் போட்டார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டும் நடந்திருக்காது.

கணக்கு இதுதான். இந்த நாட்டில் மின்சாரம் காஸைவிட யூனிட்டுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. பாய்லரிலும் நூற்றில் பத்துப் பதினைந்து பங்கு புகையோடு போய்விடும். ஆகவே ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை யூனிட் வெப்பமாவது தந்தால்தான் பில் சமனாகும். ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் எவ்வளவு குறைந்த சூட்டில் போகிறதோ அவ்வளவுக்குப் பம்பின் திறன் கூடும். 65 பாகையில் ஓடவிட்டால் அது மூச்சுத்திணறும். 45இல் ஓடினால் சுகமாக ஓடும். ஆனால் 45 பாகைத் தண்ணீரை வைத்து அதே அறையைச் சூடாக்க வேண்டுமென்றால் ரேடியேட்டர் பெரிதாக இருக்க வேண்டும். பழைய பாய்லருக்கு 70, 75இல் ஓடிய சின்ன ரேடியேட்டர்களை அப்படியே விட்டுவிட்டுப் பம்பை மட்டும் மாட்டினால் நீங்கள் சொன்ன கதைதான் நடக்கும். வீடும் குளிரும், பில்லும் ஏறும்.

இதைத் தடுக்கத்தான் விதியே இருக்கிறது. பில்டிங் ரெகுலேஷன்ஸின் பார்ட் எல் பகுதி 2022 ஜூனிலிருந்து சொல்வது: பாய்லரோ பம்போ எதுவானாலும், ரேடியேட்டர் குழாய்களோடு சேர்த்து முழுவதும் புதிதாகப் போட்டால், 55 பாகைக்கு மேல் போகாத தண்ணீரில் வீடு சூடாகும்படி அளவெடுக்க வேண்டும். காஸ் பாய்லருக்கும் இது நல்லது. கண்டென்சிங் பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் 55க்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள ஆவி நீராகி அந்த வெப்பம் திரும்பக் கிடைக்கும். 2005இலிருந்து கண்டென்சிங் பாய்லர் கட்டாயம். ஆனால் அரைவாசி வீடுகளில் சூட்டை ஏற்றிவைத்து அந்தப் பலனை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் போகும் வீடுகளில் பார்ப்பதை வைத்துத்தான் சொல்கிறேன்.

குமரன், உங்கள் முதல் கம்பெனி கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தது இதற்குத்தான். கீழே போகும் குழாய் 15 மில்லிமீட்டரா, 22ஆ, இல்லை 8, 10 மில்லிமீட்டர் மெல்லிய குழாயா என்று பார்த்திருப்பார்கள். பாய்லர் சூடாகவும் கொஞ்சமாகவும் தண்ணீரை அனுப்பும். பம்ப் மிதமான சூட்டில் நிறையத் தண்ணீரை அனுப்ப வேண்டும். மெல்லிய குழாயில் அது ஓடாது. இதைப் பார்க்காமல் விலை சொல்பவர் பம்ப் விற்கிறார், வீட்டைச் சூடாக்கும் பொறுப்பை எடுக்கவில்லை.

1930 செமியில் கேவிட்டி சுவரும் இருக்கலாம், இடைவெளியே இல்லாத ஒன்பது அங்குலச் சுவரும் இருக்கலாம். வெளியே செங்கல்லைப் பாருங்கள். நீளப்பக்கம் மட்டும் தெரிந்தால் கேவிட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு நீளம் ஒரு குட்டை என்று மாறி மாறி வந்தால் பெரும்பாலும் முழுச் சுவர். சுவர் எதுவென்று தெரிந்தால்தான் வெப்ப இழப்புக் கணக்கு சரியாக வரும்.

லூட்டன் ராசன்

மச்சானிடம் கேட்டேன். ஹோலில் ஒன்று மட்டும் மாற்றினார்களாம், மற்றதெல்லாம் பழையது. கணக்குத் தாள் எதுவும் கொடுக்கவில்லையாம். இப்போது என்ன செய்யலாம்?

குழாய்க்காரன்

எம்.சி.எஸ். வழியாகப் போட்டிருந்தால் அறைவாரியான வெப்ப இழப்புக் கணக்கும் வடிவமைப்பும் கோப்பில் இருந்தே ஆக வேண்டும், வீட்டுக்காரருக்கும் கொடுக்க வேண்டும். எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். வராவிட்டால் எம்.சி.எஸ்.ஸுக்கே முறையிடலாம். அதற்கிடையில் கன்ட்ரோலில் தண்ணீர்ச் சூடு எத்தனையில் நிற்கிறது, வெதர் காம்பென்சேஷன் போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இது வெளியே குளிர் குறையும்போது தண்ணீர்ச் சூட்டைத் தானே இறக்கும் வசதி. பல வீடுகளில் அதைப் போடாமலே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பின்னர் மாலதி

குமரன் தம்பி, எங்கள் வீட்டில் பம்ப் ஓடுகிறது. வீடு நல்ல சூடு. கூட்டிக் குறைக்காமல் எப்போதும் ஒரே நிலையில் விட்டுவிட்டோம், மாமியாரும் குறை சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது வேறு.

ஒரு மீட்டர் விதி போனது என்று பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே பெட்டியைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். அந்தச் சத்தக் கணக்கு, பக்கத்து வீட்டில் ஆட்கள் புழங்கும் அறையின் ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் வெளியே எவ்வளவு கேட்கும் என்றுதான் பார்க்கிறது. இடுக்கான சந்தில் இரண்டு சுவருக்கு நடுவே வைத்தால் சத்தம் பட்டுப் பட்டுத் திரும்பும், கணக்கில் அதற்குத் தனியாகக் கூட்டுவார்கள். எங்களுக்கு முதலில் பக்கச் சந்தில்தான் இடம் குறித்தார்கள். கணக்கு ஒத்துவராததால் பின் தோட்டத்துக்கு மாற்றினார்கள். குழாய் கொஞ்சம் நீண்டது, அவ்வளவுதான்.

அப்புறம், பெட்டியிலிருந்து தண்ணீர் விழும். குளிரில் அது தன்மேல் பிடிக்கும் பனியைத் தானே உருக்கித் தள்ளும், விடியற்காலையில் வாளிக் கணக்கில் வரும். அது நடைபாதையில் ஓடி உறைந்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். அடியில் குழி தோண்டிச் சரளைக்கல் போட்டுத் தண்ணீரை மண்ணுக்குள் விடச் சொல்லுங்கள். நாங்கள் கேட்டு வாங்கித்தான் போட்டோம். சந்தில் வைத்திருந்தால் குப்பைத்தொட்டி இழுக்கும் வழியே அதுதான்.

குழாய்க்காரன்

மாலதி அக்கா சொன்னது முக்கியம். இப்போது வரும் பம்புகள் பலவற்றில் ஆர்290 காஸ், அதாவது புரோப்பேன். காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு போகும். அதனால் ஜன்னல், கதவு, காற்றுச் செங்கல், வடிகால் வாய் இவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் படம் போட்டே கொடுத்திருப்பார். எல்லை விதி போய்விட்டது என்பதால் அந்தப் படம் செல்லாமல் போகாது.

வெம்ப்ளி ரஞ்சி

சான்றிதழ் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். வெம்ப்ளி வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் எழுதிக் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, பாய்லருக்குச் சான்று எங்கே என்பது. எங்களுக்கு அதை மாட்டித் தந்த ஆள் எதையும் பதியவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. போன் நம்பரும் வேலை செய்யவில்லை. விற்பவர் நிரப்பும் படிவத்தில் 2005க்குப் பிறகு மின்வேலை நடந்ததா, ஹீட்டிங் மாற்றினீர்களா, சோலார் உண்டா என்று எல்லாம் தனித்தனியாகக் கேட்கிறார்கள். "இல்லை" என்று பொய் எழுதவும் முடியாது.

இன்டெம்னிட்டி பாலிசி (சான்று இல்லாததால் பின்னால் வரும் செலவுக்கான காப்பீடு) எடுக்கலாம் என்றார்கள். ஆனால் கவுன்சிலிடம் போய்க் கேட்டுவிட்டால் அந்தப் பாலிசி கிடைக்காது. அதோடு அந்தப் பாலிசி காகிதக் குறையை மட்டும்தான் மூடும். பாய்லர் பத்திரமா இல்லையா என்பதை அது சொல்லாது. வாங்க வந்த பெண்ணுக்குக் கைக்குழந்தை. பாய்லரைச் சோதித்துத் தராமல் வாங்க மாட்டேன் என்றார். அவர் கேட்டது நியாயம். காஸ் சேஃப் ஆள் ஒருவரை வைத்துப் பார்த்தோம், புகைக்குழாய் சரியாகப் பொருந்தவில்லை என்றார். அத்தனை நாளும் பிள்ளைகள் அதற்கு மேலறையில்தான் படுத்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்கும்.

மின்கம்பி

ரஞ்சி அக்கா, நல்லவேளை. இதோடு ஒன்று. 2022இன் பில்டிங் சேஃப்டி சட்டத்துக்குப் பிறகு, விதிக்கு மாறான வேலையைத் திருத்தச் சொல்லி கவுன்சில் நோட்டீஸ் கொடுக்கக்கூடிய காலம் ஒரு வருடத்திலிருந்து பத்து வருடமாக நீண்டுவிட்டது. நோட்டீஸ் வீட்டுச் சொந்தக்காரர் பேருக்குத்தான் வரும், கூலிக்குச் செய்தவர் பேருக்கு இல்லை. ஏற்கெனவே அப்படிச் செய்தவர்கள் கவுன்சிலில் ரெகுலரைசேஷன் விண்ணப்பம், அதாவது முடிந்த வேலைக்குப் பிறகு சான்று கேட்கும் விண்ணப்பம், போடலாம். 1985 நவம்பர் 11க்குப் பிறகு நடந்த வேலை எதற்கும் அந்த வழி இருக்கிறது. சுவரை உடைத்துக் காட்டச் சொன்னால் காட்டத்தான் வேண்டும்.

கணக்கு மதி

காசுப் பக்கம் ஒரு வரி. ஹீட் பம்ப், சோலார், பேட்டரி மூன்றுக்கும் 2027 மார்ச் 31 வரை வாட் வரி பூச்சியம். ஆனால் வாங்கித் தருபவரே பொருத்தியும் தந்தால்தான். சாமானை நீங்கள் கடையில் வாங்கினால் 20 சதவீதம் கட்ட வேண்டும். குமரன், உங்கள் இரண்டாவது ஆளின் விலையில் அதைக் கூட்டினீர்களா? மானியம் 7500 பவுண்டும் எம்.சி.எஸ். கம்பெனிதான் விண்ணப்பித்துக் கழித்துத் தரும், தனி ஆள் கேட்க முடியாது.  பாய்லரை வைத்துக்கொண்டே பம்பையும் சேர்த்து ஓட்டும் ஹைபிரிட் முறைக்கு மானியம் கிடையாது.

சோலாரில் மிஞ்சும் மின்சாரத்தை விற்பதற்கும் எம்.சி.எஸ். அல்லது அதற்குச் சமமான சான்று, டி.என்.ஓ. அறிவிப்பு, ஸ்மார்ட் மீட்டர் மூன்றும் வேண்டும். பழைய ஃபீட் இன் டாரிஃப் 2019 மார்ச்சோடு புதியவர்களுக்கு மூடியாயிற்று. இப்போது இருப்பது 2020 ஜனவரியில் வந்த ஸ்மார்ட் எக்ஸ்போர்ட் கேரண்டி. எல்லாக் கம்பெனியும் ஒரே விலை தராது, ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்லவ் அருண்

நண்பர்களே, நான் இருப்பது லீஸ்ஹோல்ட் (நீண்டகாலக் குத்தகை) ஃபிளாட், இரண்டாவது மாடி. எனக்கு இதில் ஏதாவது வாய்ப்பு உண்டா? பத்து, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் காஸ் பாய்லரே மின்சாரமும் தயாரிக்கும் என்று ஒரு விளம்பரம் பார்த்த ஞாபகம். அது என்ன ஆயிற்று?

குழாய்க்காரன்

அருண், வெளிச்சுவரும் கூரையும் பொதுவாக ஃப்ரீஹோல்டருடையவை, அதாவது கட்டடச் சொந்தக்காரருடையவை. பிளானிங் விதி இடம் கொடுத்தாலும் அவர் எழுத்தில் சம்மதிக்காமல் ஒரு துளைகூடப் போட முடியாது. லீஸை எடுத்துப் படியுங்கள். மற்ற ஃபிளாட்காரர்களும் சேர்ந்து கேட்டால் கட்டடம் முழுவதற்கும் பொதுவாக ஒன்று செய்ய வழி பிறக்கும்.

நீங்கள் சொன்னது மைக்ரோ சி.எச்.பி. பாய்லருக்குள் ஒரு ஸ்டர்லிங் எஞ்சின் இருக்கும், வீட்டைச் சூடாக்கும்போதே ஒரு கிலோவாட் அளவுக்கு மின்சாரமும் தரும். 2010இல் தொடங்கிய ஃபீட் இன் டாரிஃபில் 2 கிலோவாட் வரை அதற்கும் இடம் இருந்தது. பாய்லர் ஓடினால்தான் மின்சாரம். கோடையில் வீட்டுக்குச் சூடு வேண்டாம், மின்சாரமும் வராது. விலையும் அதிகம், அதனால் பரவவில்லை. எங்கேயாவது ஒன்று இன்னும் ஓடினால், காஸ் பக்கத்துக்கு காஸ் சேஃப் ஆள், மின் பக்கத்துக்கு டி.என்.ஓ. பதிவு என்று இரண்டுமே வேண்டும். கழற்றும்போதும் டி.என்.ஓ.வுக்குச் சொல்லுங்கள்.

ஹாரோ குமரன்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

இரண்டாமவரிடம் கதைத்தேன். பில்டிங் ரெகுலேஷன்ஸ் சான்று தருவீர்களா என்று கேட்டதற்கு, "அது பிரச்சினையில்லை, வேலை முடிந்ததும் என் கூட்டாளி ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டுத் தருவார்" என்கிறார். அது செல்லுமா? முதல் கம்பெனியிடம் வெப்ப இழப்புத் தாளைக் கேட்டேன், அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக இருக்கிறது. ஆனால் அவர்களும் சோலார் பேனல் பற்றிக் கூரையைக் கீழிருந்துதான் பார்த்தார்கள்.

மின்கம்பி

செல்லாது. இன்னொருவர் சான்று தரும் முறை ஒன்று சட்டத்தில் உண்டு. ஆனால் அந்தச் சான்றாளரை வேலை தொடங்குமுன்னே நியமிக்க வேண்டும், முடிந்த ஐந்து நாளுக்குள் அவருக்கு அறிவிக்க வேண்டும், அவர் வந்து சோதிக்க வேண்டும். சுவருக்குள் வயர் போன பிறகு வந்து கையெழுத்துப் போடுவது அது இல்லை. அப்படிப் போடுபவர் தன் பதிவையே இழக்கலாம். தெரிந்தவர் என்று தயங்காதீர்கள். மறுத்துவிடுங்கள்.

கூரைக்கு: பேனல் ஓட்டின் சரிவிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு மேல் தூக்கி நிற்காமல், கூரை உச்சியைத் தாண்டாமல் இருந்தால் பிளானிங் விண்ணப்பம் தேவையில்லை. ஆனால் பாரம் தாங்குமா என்பது பில்டிங் ரெகுலேஷன்ஸ் விஷயம். முன்பு யாராவது ஸ்லேட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் ஓடு போட்டிருந்தால் மரச்சட்டம் ஏற்கெனவே தன் கணக்குக்கு மேல் சுமக்கிறது. லாஃப்டுக்குள் ஏறிச் சட்டங்களை அளந்து பார்த்து எழுத்தில் தரச் சொல்லுங்கள். பேனல் கொக்கியை ஓட்டில் திருகக் கூடாது, அடியில் இருக்கும் சட்டத்தில் திருக வேண்டும். சட்டத்தின் அகலம் தெரியாமல் அதை எப்படித் தீர்மானிப்பது?

குழாய்க்காரன்

சிலிண்டர் எங்கே வருகிறது என்று நீங்கள் சொல்லவே இல்லை குமரன். காம்பி பாய்லர் வீட்டில் சிலிண்டருக்கு இடமே இருக்காது, அதுதான் பலருக்கும் இடிக்கிற இடம். மெயின் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கும் சிலிண்டருக்கு ஜி3 தகுதி உள்ளவர்தான் வேலை செய்யலாம். அழுத்தமோ சூடோ எல்லை மீறினால் தண்ணீரை வெளியே விடும் வால்வு இருக்கும். அதன் கீழே டன்டிஷ் என்று திறந்த புனல் ஒன்று வரும், அதில் தண்ணீர் சொட்டுகிறதா என்று கண்ணால் பார்க்கும்படி இருக்க வேண்டும். அங்கிருந்து உலோகக் குழாய் சரிவாக, யார் மேலும் கொதிநீர் படாத இடத்துக்குப் போக வேண்டும். மாடி அலமாரியில் வைத்தால் அந்தக் குழாய் எந்த வழியாக இறங்கும் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் யோசித்துச் சமையலறைக் கூரையை உடைத்த வீடுகள் எனக்குத் தெரியும்.

முற்பணம் கொடுக்குமுன் அவர்களுக்கு ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். எம்.சி.எஸ். சான்று, ஹீட்டிங்கும் சிலிண்டரும் சேர்ந்த பில்டிங் ரெகுலேஷன்ஸ் சான்று, மின்வேலைக்கான சான்று, டி.என்.ஓ. பதில் கடிதம், காஸை அடைத்ததற்கான தாள். இதில் எது யார் பேரில் வரும் என்று அவர்களே நிரப்பி அனுப்பட்டும். கடைசித் தவணையை அவை கைக்கு வந்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹாரோ குமரன்

சிலிண்டர் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வருகிறது. வெளிச்சுவரை ஒட்டித்தான் இருக்கிறது, குழாய் வெளியே விட வழியுண்டு. மின்னஞ்சல் இன்றைக்கே எழுதுகிறேன்.

மின்கம்பி அண்ணா, மெயின் ஃபியூஸைப் பார்த்தேன். பழைய கறுப்புப் பெட்டி. அடியில் இரண்டு தடித்த கேபிள்கள் வருகின்றன. ஒன்று தரையிலிருந்து, மற்றது பக்கத்து வீட்டுப் பக்கம் போகிறது. பெட்டியில் 60 என்று இருக்கிறது. கழற்றிப் பார்க்கவா?

மின்கம்பி

கழற்றாதீர்கள். அந்த சீல் டி.என்.ஓ.வுடையது. அதற்கு மேல்பக்கம் எப்போதும் மின்சாரம் இருக்கும், வீட்டு சுவிட்சை அணைத்தாலும் நிற்காது. பெட்டியில் எழுதியிருப்பதும் உள்ளே இருக்கும் ஃபியூஸும் ஒன்றாக இருக்கும் என்றில்லை, அதையும் அவர்கள்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் சொல்வது லூப் இணைப்பு. உங்கள் பெட்டியிலிருந்துதான் பக்கத்து வீட்டுக்கு மின்சாரம் போகிறது, ஒரே கேபிளில் இரண்டு வீடு. இந்த நிலையில் பெரிய ஹீட் பம்புக்கும் ஜி99க்கும் அனுமதி இழுபடும். டி.என்.ஓ. இரண்டு வீட்டையும் பிரித்துத் தனிக் கேபிள் போட்டுத் தர வேண்டும். அதற்கு நாளெடுக்கும், பக்கத்து வீட்டு முன்முற்றத்தைத் தோண்ட வேண்டியும் வரலாம். அவர் சம்மதம் இல்லாமல் நடக்காது. ஆகவே இந்த வரிசையில் போங்கள்: தள்ளி நின்று பெட்டியைப் போட்டோ எடுங்கள், இரண்டு கேபிளும் மீட்டரும் தெரிய வேண்டும். அதைக் கம்பெனிக்கு அனுப்பி டி.என்.ஓ. விண்ணப்பத்தை இப்போதே போடச் சொல்லுங்கள், பம்புக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால். இன்று மாலையே பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். பம்ப் எங்கே வருகிறது என்பதையும் அப்போதே காட்டிவிடுங்கள். போட்டோவை இங்கேயும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.